முந்திரிக் கொடி

சூசைக்குடிக்காடு,
ஜெயங்கொண்டம் வழி.
21-1-1946

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி தேவசகாயத்துக்கு அக்காள் இன்னாசிமேரி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். நீயும் தெரசம்மாளும் சுகமா? கிறிஸ்துமஸுக்கு எழுதிய கடிதத்துக்கே பதில் இல்லை. பெரம்பலூரில் தபால் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்களா?

முக்கியமான சங்கதி. மூன்று ராஜாக்கள் திருநாள் பூசையில் நம் கோயில் கிராதி விழுந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால், பெண்கள் பக்கத்து மரக் கிராதி. தேவ நன்மை அப்பம் வாங்க வரிசையாக முழங்காலிட்டு, வழக்கம்போல் கிராதி மேல் கிடக்கும் வெள்ளைத் துணிக்கு அடியில் கைகளை வைத்தோம். யாரோ கொஞ்சம் அழுத்தி ஊன்றிவிட்டார்கள். பத்துப் பேரும் துணியோடு பீடத்துப் பக்கம் சாய்ந்தோம். சாமியார் நன்மைப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் துள்ளினார். மரத்துக்குள் முழுக்கச் செல். ஆண்கள் பக்கம் மட்டும் இன்னும் நிற்கிறது.

“எந்தம்பி பெரம்பலூர்ல பஸ் கட்டுறான் சாமி, கிராதி கட்டமாட்டானா?” என்று நான் கேட்டேன். “பஸ் கட்டுறவன் கிராதி கட்டுனா அதுக்கு ஹாரன் வச்சுடப் போறாம்மா” என்று சிரித்தார். ஆனாலும் மறுநாள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வகுப்புக்கு நடுவில் அவசரமாகப் பார்த்து எழுதுகிறேன்: ‘இரு பக்கமும் சேர்த்து எட்டுப் பலகை. உயரம் இரண்டரை அடி. முகப்பில் முந்திரிக் கொடி ஓட வேண்டும். செப்டம்பர் எட்டு, பிறந்தநாள் மாதா திருநாளுக்குள் நிறுத்த வேண்டும்.’

மரம் கோயிலுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் காற்றில் சாய்ந்த இலுப்பை காய்ந்து கிடக்கிறது. உன்னால் முடியுமா என்று உடனே எழுது. முடியாவிட்டாலும் உடனே எழுது.

தெரசம்மாளுக்கு என் அன்பு.

அக்காள்,
இன்னாசிமேரி

---

பெரம்பலூர்
2-2-1946

அக்காவுக்குத் தம்பி தேவசகாயத்தின் தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி? கிராதி விழுந்ததில் அதிகமாகியிருக்குமே.

பதில் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். எழுத உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. நின்றால் எங்காவது நடக்கத் தோன்றுகிறது. ஐந்து வருஷமாக ஷெட்டில் பஸ் பலகை இழைக்கிறேன். சீட்டுப் பலகை, தரைப் பலகை, கூரைச் சட்டம், மறுபடி சீட்டுப் பலகை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கை அளவு தப்பாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் டிரைவர் முதுகுக்குப் பின்னால் வரும் பலகை. இழைத்து முடித்தும் கை நிற்கவில்லை. ஓரத்தில் ஒரு கொடி ஓடவிட்டேன். நாலு இலை, ஒரு மொட்டு, அவ்வளவுதான். வேம்பு மேஸ்திரி வந்து பார்த்தார். “ஏன்டா, பஸ்ஸு ஓடணுமா, பூக்கணுமா?” என்று இழைப்புளியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். நானே இழைத்தேன். அந்த மொட்டு சுருண்டு கீழே விழுந்ததை மிதித்துக்கொண்டுதான் அடுத்த பலகையை எடுத்தேன். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை அக்கா.

உங்கள் கடிதத்தில் ‘முந்திரிக் கொடி’ என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். சாமியாரா எழுதினார்? நிஜமாகவா? தாமரைக் கொடி கேட்பார்கள், மல்லிகைக் கொடி கேட்பார்கள், இதை யாரும் கேட்டதில்லை. செய்கிறேன் என்று சொல்லுங்கள். ஷெட் விட்டதும் சாயங்காலங்களில் செய்கிறேன். மரத்தை அனுப்புங்கள். நாளைக்கே அனுப்பினாலும் சரி.

தம்பி,
தேவசகாயம்

---

சூசைக்குடிக்காடு
24-2-1946

அன்புள்ள தம்பிக்கு, நான் சுகம். முதுகைப் பற்றிக் கேட்காதே, அது தனியாகத் தபால் போடும் அளவுக்குப் பேசுகிறது.

மரம் அரியலூர் போகும் பருத்தி வண்டியில் ஏறிவிட்டது. அங்கே அறுத்து, உனக்குப் பலகையாக வந்து சேரும்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஷெட் வேலையை விட்டுவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். எதையாவது கையில் எடுத்தால் மற்றதைக் கீழே போட்டுவிடுவாய். கிராதி ஆறேழு மாத வேலை. பஸ் காலத்துக்கும் ஓடும்.

தெரசம்மாளின் சுகத்துக்கு எழுது. தபசு காலம் வருகிறது, வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் மறக்காதீர்கள்.

அக்காள்

---

பெரம்பலூர்
17-3-1946

அக்காவுக்கு, தோத்திரம். இரண்டு பேரும் சுகம். இன்றைக்கு ஞாயிறு, உளியைத் தொடக்கூடாது. அதனால்தான் கடிதம்.

பலகை வந்துவிட்டது. இலுப்பை எண்ணெய் மரம், உளி வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு வாரமாகக் கெடுத்ததுதான் அதிகம். முதலில் வெட்டிய பழங்களைத் தெரசம்மாள் பார்த்து, “கத்திரிக்காய்க்கு யாரு காது வச்சது?” என்று கேட்டாள். அடுப்புக்குப் போயின.

தச்சு வேலையில் கொடி என்றால் பந்தலில் ஏறும் கொடி இல்லை. வளைந்து வளைந்து ஓடும் வேலைப்பாடு. மயிலைக்கூடக் கொடியாக ஓட்டலாம். சாமியார் நம் ஊர் முந்திரி மரத்தைக் கொடியாக்கச் சொல்லியிருக்கிறார். அதுதான் சிரமம், அதுதான் ருசி. மற்ற பழமெல்லாம் கொட்டையை வயிற்றுக்குள் ஒளித்துக்கொள்ளும். இது ஒன்றுதான் வெளியே தொங்கவிடுகிறது. அந்த வளைவு எனக்கு வரவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை ஒன்று தெரிந்தது. நான் பழத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்ட வேண்டியது பழத்தைச் சுற்றியிருக்கும் நிழலை. நிழலைத் தோண்டத் தோண்டப் பழம் தானாக மேலே வந்தது. அக்கா, நான் சத்தம் போட்டுவிட்டேன். நான் விரலை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்துத் தெரசம்மாள் ஓடி வந்தாள்.

பஸ் பலகைக்கு அளவு உண்டு. அளவு வந்தால் வேலை முடிந்தது. இதற்கு அது கிடையாது. எங்கே நிறுத்துவது என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் நிறுத்த முடியாமல் தவிக்கிறேன்.

இப்போது அங்கே பழம் வந்திருக்குமே. இலையோடு ஒரு கொத்து யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் சுட்ட உங்கள் வலது கட்டைவிரல் தழும்பு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்காமல் முந்தானையில் மறைத்துக்கொள்வீர்களே, இப்போதும் அப்படித்தானா? கொட்டையை வெட்டும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

தம்பி

---

சூசைக்குடிக்காடு
6-4-1946

அன்புள்ள தெரசம்மாவுக்கு, நாத்தனார் இன்னாசிமேரி எழுதுவது. நீ சுகமா? இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அவனுக்குப் படித்துக் காட்டாதே.

உன் புருஷன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுத உட்காருகிறேன், முடியவில்லை. பெரிய தப்பு நடந்துவிட்டது. தப்பு என்னுடையது.

சாமியார் கேட்டது நம் முந்திரி இல்லை. வேத புத்தகத்தில் திராட்சையைத்தான் முந்திரி என்று எழுதியிருக்கிறார்கள். பூசையில் வைப்பது முந்திரிப்பழ ரசம் என்றால் திராட்சை ரசம். ‘நானே முந்திரிச் செடி’ என்று சேசுநாதர் சொன்னதும் திராட்சைதான். பழைய கோயில் தமிழ் அது. சாமியார் அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டார். திராட்சைக் கொடிதான் பீடத்துக்கு முன்னால் ஓட வேண்டியது. நான் டீச்சர், சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் முந்திரி என்று எழுதும்போது என் கண்ணில் நம் கொல்லைதான் நின்றது.

சிரிக்காதே, சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும், கானாவூர்க் கல்யாணத்தில் சேசுநாதர் தண்ணீரை முந்திரிப்பழச் சாறாக மாற்றினார் என்றுதான் நம்பினோம். அந்தக் கறை துணியில் பட்டால் போகாதே, விருந்தாளிகள் வெள்ளை வேட்டியில் வந்திருப்பார்களே என்று அம்மா வேறு கவலைப்பட்டாள். இந்த ஊரில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அவனிடம் எப்படிச் சொல்வது? எத்தனை பலகை முடித்திருக்கிறான்? உடனே எழுது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இன்னாசிமேரி

---

பெரம்பலூர்
23-4-1946

மரியாதைக்குரிய அண்ணிக்கு, தெரசம்மாள் எழுதுவது. பாஸ்கு திருநாள் நல்லபடியாகப் போயிற்று. உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

அண்ணி, நீங்கள் ஒரு குண்டு போட்டீர்கள். நான் ஒன்று போடுகிறேன். அவர் ஷெட் வேலையை விட்டு ஒரு மாதமாகிறது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். நீங்களும் ரகசியம் சொல்லிவிட்டீர்கள், அதனால் சரிக்குச் சரி. வேம்பு மேஸ்திரி வீடு தேடி வந்து, “பித்துப் புடிச்சிருக்கு ஒம்புருசனுக்கு, தெளிஞ்சதும் அனுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இது ஐந்தாவது மாதம். அதை உங்களுக்கு எழுதச் சொன்னேன், எழுதவே இல்லை போலிருக்கிறது. மனுஷனுக்குப் பலகைதான் ஞாபகம்.

மூன்று பலகை முடிந்தது. நான்காவது நடக்கிறது. எனக்குக் கோபம் வராத நாளில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இவர் ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஷெட்டிலிருந்து வந்தால் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். இப்போது காலையில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருக்கிறார். சாப்பிடும்போதும் விரல் தட்டில் எதையோ செதுக்கிக்கொண்டிருக்கிறது.

நான் சொல்லமாட்டேன். என் வாயால் வராது. நீங்கள் அக்காள், நீங்களே சொல்லுங்கள். சொல்வதென்றால் சீக்கிரம் சொல்லுங்கள். சாமியார் இதை வேண்டாமென்றால் நாங்கள் என்ன செய்வது? ஷெட்டில் வேறு ஆள் சேர்த்துவிட்டார்கள்.

தெரசம்மாள்

---

சூசைக்குடிக்காடு
5-5-1946

அன்புள்ள தம்பிக்கு, நான் சுகம். தெரசம்மாளின் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகை, அது இது என்று நாள் ஓடிவிட்டது. நீ கேட்ட பழக்கொத்தை அரியலூர் சந்தைக்குப் போகும் ஆளிடம் கூடையில் கொடுத்தனுப்புகிறேன். வந்து சேரும்போது வாடியிருக்கும்.

கிராதி விஷயமாக உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த முந்திரிக் கொடி

(இங்கே நாலு வரி மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கிறது.)

மேலே மை கொட்டிவிட்டது. வேறு தாள் இல்லை, அப்படியே அனுப்புகிறேன். விசேஷம் ஒன்றுமில்லை. கண்ணுக்கு ஓய்வு கொடு. விளக்கெண்ணெய் வைத்துக்கொள்.

அக்காள்

---

பெரம்பலூர்
9-6-1946

அக்காவுக்கு, தோத்திரம். சுகம். தெரசம்மாளும் சுகம்.

பழம் வந்தது. பாதி அழுகி, கூடையெல்லாம் ஈ. மீதியைப் பார்த்து வரைந்துகொண்டேன். இனிமேல் பழம் அனுப்ப வேண்டாம்.

போன வாரம் உளி வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் ஏறினால் நான் இழைத்த பலகை மேலேயே உட்கார வேண்டியிருந்தது. அங்கே ஒரு பெரிய கோயிலுக்குப் போனேன். பீடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

நான்கு பலகை முடிந்தது. இன்னும் நான்கு. ஷெட்டை விட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரசம்மாள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. திட்டுவதென்றால் திருநாளுக்குப் பிறகு மொத்தமாகத் திட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் மை கொட்டியது பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தம்பி

---

சூசைக்குடிக்காடு
25-8-1946

அன்புள்ள தம்பிக்கு. தெரசம்மாளுக்கு இது நிறைமாதம், நீ வண்டியோடு வராமல் அவள் பக்கத்தில் இருந்தது சரிதான். அவள் சுகத்தை உடனே எழுது.

வண்டி வியாழக்கிழமை வந்தது. எட்டுப் பலகையும் பழுதில்லாமல் சேர்ந்தன. கோயில் வாசலில் இறக்கிச் சாக்கை அவிழ்த்தார்கள். தம்பி, இதை நீ செய்தாய் என்று எனக்கே நம்ப முடியவில்லை. கைக்கு எட்டும் கொத்தைப் பறித்துவிடலாம் போல் இருந்தது.

சாமியார் முதல் பலகையைத் தடவிப் பார்த்தார். “நல்ல வேலப்பாடு” என்றார். இரண்டாவதைத் தடவினார். கொட்டையில் விரல் நின்றது. “இது என்னம்மா?” என்றார். முந்திரி என்றேன். “சேசுநாதர் சிலுவையில சாகறதுக்கு மொத நாள் முந்திரிக்கொட்டையா தின்னாரு?” என்றார். அவர் எழுதிய சீட்டையே காட்டினேன். தன் எழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, “எந்தப்பும் இருக்குன்னே வச்சுக்க. ஆனா வேதத்துல இல்லாதது பீடத்துக்கு முன்னாடி நிக்கக் கூடாது. முகப்ப இழச்சு எடுத்துடச் சொல்லு. வெறும் பலகையா நிக்கட்டும்” என்றார்.

நீ ஒரு வாரத்துக்குள் வந்து இழைக்க வேண்டுமாம். வராவிட்டால் ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் கூப்பிடுவாராம். பலகைகள் இப்போது என் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் இருக்கின்றன.

இன்னும் ஒன்று. இதை எழுதாவிட்டால் நான் இனி உன் முகத்தைப் பார்க்க முடியாது. தப்பு எனக்கு மார்ச் மாதமே தெரியும். உன் கடிதத்தைப் படித்த அன்றே தெரியும். சொல்லியிருந்தால் நாலு பலகையோடு போயிருக்கும். மை கொட்டவில்லை, நான்தான் அடித்தேன். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். என்னால் அதில் மண்ணைப் போட முடியவில்லை. இப்போது மொத்தத்திலும் போட்டுவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

அக்காள்

---

பெரம்பலூர்
30-8-1946

சேசு மரி சூசை

அக்காவுக்குத் தோத்திரம். புதன்கிழமை காலை பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். தெரசம்மாள் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நீங்கள் அழ வேண்டாம். எனக்கும் தெரியும்.

நீங்கள் அடித்த நாலு வரியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ‘திரா’ என்று இரண்டு எழுத்துத் தெரிந்தது. அக்கா எதற்குத் திராட்சை பற்றி எழுதி அடிக்கிறாள் என்று மூன்று வாரம் குழம்பினேன். பிறகு திருச்சிக்குப் போனேன். உளி ஒரு சாக்கு. அந்தக் கோயில் பீடத்தில் மரத்தில் கொடி ஓடுகிறது, அத்தனையும் திராட்சை. நம் ஊர் முந்திரி எங்கும் இல்லை. பாக்கெட்டில் என் முந்திரிப் படத்தை வைத்துக்கொண்டு அதன் முன்னால் அரை நாள் நின்றேன். காது இரண்டும் சுட்டது.

ஊருக்கு வந்து ஒரு துண்டுப் பலகையில் திராட்சை வெட்டினேன். ஒரே நாளில் வந்துவிட்டது. நன்றாகவும் வந்தது. ஆனால் வெட்டும்போது எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. பஸ் சீட்டு இழைத்த மாதிரியே இருந்தது. தெரசம்மாள் அதை அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருக்கிறாள்.

மீதி நாலு பலகையையும் திராட்சையாகச் செய்திருக்கலாம். முதல் நாலையும் இழைத்து மாற்றவும் நாள் இருந்தது. நான் தெரிந்தேதான் முந்திரி வெட்டினேன். சாமியாரிடம் இதை மறைக்க வேண்டாம். முதல் நாலு பலகை அவர் கேட்டது என்று நினைத்துச் செய்தது. அடுத்த நாலு நான் செய்தது.

ஏன் என்று கேட்பீர்கள். அம்மா கை ஞாபகம் இருக்கிறதா? கொட்டை உடைத்து உடைத்து, அந்த எண்ணெய் பட்டு வெந்து, விரல் பத்தும் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். நீங்கள் டீச்சர் வேலைக்குப் படித்ததும் நான் உளி பிடித்ததும் அந்தக் கையால்தான். வாரம் முழுக்க அந்தக் கையால் நமக்குச் சோறு போட்டவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டால் முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். நன்மை வாங்கக் கிராதிக்குப் போகும்போது மட்டும் வேகமாக நடப்பாள். ஒரு நாள் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டேன். “துணிக்கடியில வச்சுட்டா கை தெரியாதுடா” என்றாள். ஆண்டவர் கிட்டே வரும்போதுகூட அவளுக்கு அந்தக் கை வெட்கமாக இருந்தது. அவள் கை ஒளிந்திருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்தக் கொடி ஓடுகிறது. அதில் வேறு எதை நான் வெட்டுவேன்?

பஸ் பலகையை நான் இழைத்தேன். இதில் இழைப்புளி வைக்கமாட்டேன். வேறு ஆள் வைத்தால் தடுக்க நான் அங்கே இல்லை. அதற்குள் பலகையைப் பிரித்து நீங்கள் அடுப்பெரித்துக்கொண்டாலும் சரி. செய்ததற்குக் கூலி வேண்டாம். மறுபடி ஷெட்டில் கேட்டுப் பார்க்கிறேன், மேஸ்திரி காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். பிள்ளை பிறந்திருக்கிறது.

நான் பேசினால் சண்டையாகிவிடும். நீங்கள் படித்தவர், சாமியாரிடம் நீங்கள் பேசுங்கள்.

தம்பி,
தேவசகாயம்

---

சூசைக்குடிக்காடு
9-9-1946

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கும் தெரசம்மாளுக்கும், குட்டிப் பெண்ணுக்கும் அத்தையின் ஆசீர்வாதம். பிள்ளைக்கு வயிறு எப்படி? பால் கக்கினால் பயப்படாதீர்கள். ஞானஸ்நானத்துக்கு நான் வருகிறேன், அதற்கு முன்னால் பெயர் வைத்துவிட வேண்டாம்.

சாமியாரிடம் பேசுகிறேன் என்று போனேன். உன் கடிதத்தை அப்படியே நீட்டிவிட்டேன். அரிசிப் பானை மூடியும் அதில் இருக்கிறது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு தடவை படித்தார். “ஒங்கம்மா பேரென்ன?” என்றார். சவரியம்மாள் என்றேன். “நான் பாத்ததில்லயே.” “நீங்க வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டாங்க சாமி.” கடிதத்தை மடித்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

இதற்குள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கொட்டகைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டை உடைக்கிற அம்மாக்கண்ணு, ஞானஸ்நானப் பெயர் அன்னம்மாள், யாரும் கூப்பிடுவதில்லை, அவள் மூன்றாவது பலகையில் ஒரு காயைக் காட்டி, “இது பிஞ்சு. இத எவ பறிச்சா?” என்று சண்டைக்கு நின்றாள். மரம் என்று சொன்னால், “மரந்தான், நானும் அதத்தான சொல்றேன்” என்கிறாள்.

சனிக்கிழமை ஜெயங்கொண்டத்து ஆள் இழைப்புளியோடு வந்துவிட்டான். சாமியாரும் கொட்டகைக்கு வந்தார். பலகைகளைப் பார்த்தார், அங்கே நின்ற அம்மாக்கண்ணுவைப் பார்த்தார். அந்த ஆளிடம், “இழைக்க வேணாம். நாலு பலகைய மட்டும் பொம்பளைங்க பக்கம் நிறுத்து. அங்கதான் ஒண்ணுமில்லாம கெடக்கு. ஆம்பளைங்க பக்கம் பழசே இருக்கட்டும்” என்றார். என்னிடம் திரும்பி, “திருநாள் வரைக்குந்தான்” என்றார். எந்தத் திருநாள் என்று நான் கேட்கவில்லை. எந்த நாலு பலகை என்று அந்த ஆள் கேட்டான். கடைசி நாலு என்று நான் சொன்னேன்.

நேற்றுப் பாடல் பூசை. கோயில்பிள்ளை வந்து கிராதி மேல் வெள்ளைத் துணியை விரித்தான். துணி தொங்கிப் பழங்கள் மறைந்தன. என் பக்கத்தில் அம்மாக்கண்ணு. அவள் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் மேலே மடித்துவிட்டாள். பிறகு இரண்டு கையையும் துணிக்கு மேல் வைத்தாள். அம்மா கை மாதிரியே கறுத்து, தோலுரிந்து, அந்த வெள்ளைத் துணி மேல் கிடந்தன. கோயில்பிள்ளை குனிந்து, “கைய, கைய” என்று முணுமுணுத்தான். அவள் எடுக்கவில்லை. சாமியார் அவள் முன்னால் வந்து நின்றார். கையைப் பார்த்தார். அவள் நாவில் நன்மையை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் வந்தார்.

அடுத்த ஆள் நான். தம்பி, நானும் மேலேதான் வைத்திருந்தேன்.

அக்காள்,
இன்னாசிமேரி